நிற்பவர்கள் மட்டும் தெரியும் படம்

புகழ்பெற்ற இடங்களில் காமிராவின் கதவை அரை நிமிடம் திறந்து வைத்தால் கட்டடம் நிற்கிறது, கூட்டம் கரைகிறது. கரையாமல் மிஞ்சுபவர்கள் யார்?

மும்பை. குளிர்கால மாலை, மணி 6.15. சூரியன் கடலில் இறங்கிச் சில நிமிடங்களே ஆகின்றன. ஃபோர்ட் பகுதி அலுவலகங்கள் ஆட்களை வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலானோருக்கு ஒரே திசைதான்: சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். 1996இல் ஒரு முறையும் 2017இல் இன்னொரு முறையும் பெயர் மாறியும் பழைய மும்பைவாசிகளின் நாக்கில் அது இன்னும் 'வி.டி.'தான். சிக்னல் விழுந்ததும் கூட்டம் சாலையில் இறங்குகிறது. தோளில் பை, கையில் கைபேசி, கண் மட்டும் நிலையத்தின் வாசலில். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மையக் கோபுரத்தின் உச்சியில் ஒரு கையில் தீப்பந்தமும் மறுகையில் சக்கரமுமாக நிற்கும் பெண் சிலைக்கு 'முன்னேற்றம்' என்று பெயர். அவளைப் பார்த்துக்கொண்டு நின்றால் லோக்கல் போய்விடும்.

எதிர்ப்புறம், மாநகராட்சித் தலைமையகத்தை ஒட்டிய நடைபாதையில் நிற்கும் சிலருக்கு மட்டும் அவசரமில்லை. டிரைபாடின் மூன்று கால்களையும் விரித்து, காமிராவைப் பொருத்தி, வானத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். வானத்தின் நீலமும் கட்டடத்தின் விளக்குகளும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் இருக்கும் நேரம் ஒரு நாளைக்கு 20 நிமிடம்தான் கிடைக்கும். அது வந்ததும் பொத்தானை அழுத்துகிறார்கள். ஷட்டர் திறக்கிறது. மனதுக்குள் எண்ணத் தொடங்குகிறார்கள். 10, 20, 30. ஷட்டர் மூடுகிறது.

காமிராவின் சின்னத் திரையில் தெரிவது, கண்ணால் பார்த்த காட்சி அல்ல. எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து, 1878இல் தொடங்கிப் பத்தாண்டுகள் கட்டப்பட்ட அந்த மாளிகையின் ஒவ்வொரு வளைவும் செதுக்கலும் ஊசிமுனைத் துல்லியத்தில் இருக்கின்றன. சாலையில் ஒரு வாகனம்கூட இல்லை. அவற்றின் விளக்குகள் இழுத்த சிவப்பு, வெள்ளைக் கோடுகள் மட்டும் இருக்கின்றன. டபுள் டெக்கர் பஸ் போயிருந்தால் ஒரு கோடு மற்றவற்றைவிட உயரத்தில் தனியாக ஓடுகிறது. சாலையைக் கடந்த அத்தனை பேரும் முழங்கால் உயரப் பனிமூட்டமாகக் கிடக்கிறார்கள். முகம் கிடையாது, சட்டை கிடையாது. ஆனால் வாசலோரம் ஓர் ஆள் மட்டும் தெளிவாக இருக்கிறார். மரப்பெட்டியின் முன்னால் குந்தியிருக்கும் பாலிஷ்காரர். பெட்டியின் மேல் ஒரு கால். காலுக்கு மேலே, கொஞ்சம் மங்கலாக, அந்தக் காலின் சொந்தக்காரர்.

புகைப்பட வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த மூலையைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போடும். உலகில் முதன்முதலாகப் புகைப்படத்தில் பதிந்த மனிதர்கள் என்று பரவலாகச் சொல்லப்படுபவர்களும் இதே இருவர்தான். 1838இல் பாரிஸ் நகரில் லூயி டாகேர், தன் வீட்டு ஜன்னலிலிருந்து பூல்வார் து தாம்ப்ள் என்ற அகன்ற வீதியைப் படம் எடுத்தார். நாடகக் கொட்டகைகள் நிறைந்த, நாள் முழுதும் வண்டிகளும் ஆட்களும் நெரியும் வீதி அது. வெள்ளி பூசிய தகட்டில் உருவம் விழப் பல நிமிடங்கள் ஆயின. அத்தனை நிமிடங்களில் குதிரைகள் போயின, வண்டிகள் போயின, சீமான்களும் சீமாட்டிகளும் போனார்கள். ஒருவரும் தகட்டில் இல்லை. வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு கால் தூக்கி வைத்து நிற்கும் ஒரு மனிதர். அவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் இன்னொருவர். அசையாமல் நின்றதால் இவர்கள் மட்டும் பிழைத்தார்கள். தந்தியோடு பெயர் சேர்ந்துவிட்ட சாமுவேல் மோர்ஸ் 1839இல் பாரிஸ் போயிருந்தபோது இந்தப் படத்தைப் பார்த்து அதிசயித்து, கூட்டம் ஓயாத வீதி ஆளில்லாமல் இருப்பதையும் அந்த ஒரு மனிதரையும் பற்றித் தன் கடிதத்தில் எழுதினார்.

அன்று அது கருவியின் இயலாமை. வேகமாகப் பதியும் வல்லமை தகட்டுக்கு இல்லை. இன்றைய காமிராவால் ஒரு வினாடியை ஆயிரம் துண்டாக வெட்டிப் படம் எடுக்க முடியும். ஆனாலும் சுற்றுப்பயணம் கிளம்பும் ஆயிரக்கணக்கானோர் டாகேரின் அந்தப் பழைய குறையைத் தேடிப் பிடித்து, காசு கொடுத்து வாங்குகிறார்கள். கறுத்த கண்ணாடி ஃபில்டர் ஒன்றை லென்ஸின் முன்னால் மாட்டினால் உள்ளே வரும் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நல்ல வெயிலில் 1/125 வினாடியில் எடுக்க வேண்டிய படத்துக்கு அப்போது 8 வினாடி தேவைப்படும். பட்டப்பகலிலேயே கூட்டத்தைக் கரைத்துவிடலாம்.

கரைவதன் கணக்கு எளியது. சாதாரணமாக நடப்பவர் வினாடிக்கு ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கிறார். 1/250 வினாடியில் அவர் நகரும் தூரம் அரை சென்டிமீட்டர். படத்தில் சிலைபோல உறைந்திருப்பார். கால் வினாடியில் ஒரு அடி நகர்வார். உடம்பு தெரியும், வீசிய கையும் எடுத்து வைத்த காலும் தீற்றலாகும். 2 வினாடியில் எட்டடிக்கு மேல். ஆள் துணியைப் போல இழுபடுவார், ஊன்றிய பாதம் மட்டும் அங்கங்கே தெரியும். 30 வினாடியில் 130 அடி. எந்த ஓர் இடத்தையும் அவர் மறைத்திருப்பது அரை வினாடிக்கும் குறைவு. மீதி இருபத்தொன்பதரை வினாடியும் அந்த இடத்தில் பின்னாலுள்ள சுவர்தான் பதிகிறது. சுவர் ஜெயிக்கிறது, ஆள் காணாமல் போகிறார்.

ஆனால் பாரிஸ் வீதியில் நடந்ததுபோல மும்பையில் யாரும் சுத்தமாக மறைந்துவிடுவதில்லை. ஒருவர் விலகிய இடத்தில் அடுத்தவர், அவர் விலகியதும் இன்னொருவர். மும்பைப் புறநகர் ரயில்களில் நாள்தோறும் ஏறக்குறைய 70 லட்சம் பயணங்கள். அந்த நெரிசலில் அரை நிமிடம் திறந்த காமிராவிலும் கூட்டம் மூட்டமாகவாவது மிஞ்சுகிறது. எந்த வழியாகப் போனார்கள், எங்கே ஒடுங்கினார்கள், எங்கே பிரிந்தார்கள் என்று அந்த மூட்டமே வரைபடம் போட்டுக் காட்டிவிடும்.

வெறிச்சோடிய படம் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1850களில் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே அலைந்தவர்களில் பலர் கம்பெனியின் ராணுவ அதிகாரிகளும் மருத்துவர்களும்தான். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1857 டிசம்பரில் கிளம்பி 1858இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைக் காமிராவை 21 இடங்களுக்கு நகர்த்தி எடுத்து, ஒட்டி, 19 அடி நீளப் படமாக்கினார். எழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்குத் துல்லியம். அவர் பயன்படுத்திய காகித நெகடிவ் நம் வெயிலைத் தாங்கியது. ஆனால் மெதுவாகத்தான் பதிந்தது. மதுரையின் மண்டபங்களும் தஞ்சையின் பிரகாரங்களும் அந்தப் படங்களில் பெரும்பாலும் ஆளரவமற்றுக் கிடக்கின்றன. பூக்காரர் இல்லை, அர்ச்சகர் இல்லை, தூணில் சாய்ந்து தூங்குபவர்கூட அபூர்வம். ஆக்ராவில் கம்பெனி மருத்துவராக இருந்த டாக்டர் ஜான் முரே எடுத்த தாஜ்மகால் படங்களிலும் இதே நிசப்தம்.

இந்தப் படங்கள் லண்டனுக்குப் போயின. இந்தியாவை நேரில் பார்க்காதவர்கள் அவற்றில் பார்த்தது கல்லைத்தான்: மகத்தான கல், ஆளில்லாத கல். கட்டியவர்களின் வாரிசுகள் அதே பிரகாரத்தில் அன்றாடம் விளக்கேற்றிக்கொண்டிருந்தது படத்தில் விழவில்லை. ட்ரைப்போ முரேயோ மனிதர்களை ஒளிக்க நினைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. கருவி தெரிந்ததைச் செய்தது. விளைவு என்னவோ ஒன்றுதான்: சின்னம் மிஞ்சியது, மக்கள் மிஞ்சவில்லை.

அந்த வெறுமையை இன்று வேண்டுமென்றே தேடுபவர்கள் அதிகம் வருமிடம் தாஜ்மகால். அதிகாலையில், கதவு திறக்கும் முன்பே வரிசை நீளும். முதல் ஆளாக உள்ளே ஓடி, நீர்த்தொட்டியின் முனையில் நின்று, ஒருவருமில்லாத தாஜை எடுத்துவிட வேண்டும் என்பது பலரின் கனவு. ஆனால் முதல் 50 பேருக்கும் இதே கனவு இருப்பதால் அது பலிப்பதில்லை. டிரைபாடை உள்ளே கொண்டுபோக இந்தியத் தொல்லியல் துறையின் தனி அனுமதி வேண்டும்; சாதாரணச் சுற்றுப்பயணிக்கு அது வாசலோடு சரி. காமிராவைத் தோள்பையின் மீதோ மதில் விளிம்பிலோ வைத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கம்ப்யூட்டர் வித்தை: ஒரே இடத்திலிருந்து 20 படம் எடுத்து அடுக்கினால், ஒவ்வொரு புள்ளியிலும் பெரும்பாலான படங்களில் எது இருந்ததோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, வந்து போனவர்களைச் சல்லடைபோட்டு நீக்கிவிடும். இப்போது கைபேசியே இந்த வேலையைச் செய்துகொடுக்கிறது.

உலகம் அறிந்த ஆளில்லாத தாஜ் படம் எது என்று கேட்டால், 1992 பிப்ரவரியில் எடுத்ததைத்தான் பலரும் சொல்வார்கள். பிரிட்டிஷ் இளவரசி டயானா, வெண்பளிங்கு பெஞ்சில் தனியே உட்கார்ந்திருக்கிறார். பின்னால் தாஜ். காதல் சின்னத்தின் முன் கணவரில்லாத மனைவி என்று உலகப் பத்திரிகைகள் உச்சுக்கொட்டின. அந்தத் தனிமை அவ்வளவு தனிமையானதல்ல; எதிரே பத்திரிகைக் காமிராக்கள் அணிவகுத்திருந்தன. பெரிய இடத்து விருந்தாளி வந்தால் கூட்டத்தை விலக்கி வைக்க போலீஸ் இருக்கிறது. சாதாரணப் பயணிக்கு அந்த வேலையை ஃபில்டர் செய்கிறது. இரண்டிலும் விலக்கப்படுபவர்கள் அதே ஆட்கள்தான்.

தாஜில் அரை நிமிட எக்ஸ்போஷரில் மிஞ்சுபவர்களையும் பார்க்க வேண்டும். குடும்பம் குடும்பமாக நடப்பவர்கள் மங்கிப்போவார்கள். துப்பாக்கியுடன் நிற்கும் காவலர் மிஞ்சுவார். குந்தி உட்கார்ந்து புல் பிடுங்கும் தோட்டக்காரர் அரைகுறையாக மிஞ்சுவார். டயானா உட்கார்ந்த பெஞ்சின் எதிரே, தொல்லியல் துறை உரிமம் பெற்ற புகைப்படக்காரர் நிற்பார். புதுமணத் தம்பதியை உட்காரவைத்து, தலையைச் சாய்க்கச் சொல்லி, கையை உயர்த்தி தாஜின் நுனியைக் கிள்ளுவதுபோலப் பிடிக்கச் சொல்லி, "அசையாதீங்க" என்கிறார். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சில வினாடி நின்றதால் அந்தத் தம்பதியும் மற்றவர் படத்தில் ஆவிபோலப் பதிவார்கள். எல்லோர் கையிலும் காமிரா வந்துவிட்ட காலத்தில், ஒரு மனிதரை நிற்கச் சொல்லிச் சம்பாதிக்கும் தொழில் நாளுக்கு நாள் சுருங்கிவருகிறது.

தாஜிலிருந்து காசிக்குப் போனால் கணக்கு தலைகீழாகிவிடும். வி.டி.யில் ஆறாக ஓடியது கூட்டம், அசையாமல் நின்றது கட்டடம். காசியின் தசாசுவமேதப் படித்துறையில் மாலை ஆரத்தியின்போது கூட்டம் உட்கார்ந்திருக்கும், ஆறு ஓடும். படிகள் கொள்ளாமல் நெருக்கி உட்கார்ந்தவர்கள் நகர வழியில்லை. மரமேடைகளில் வரிசையாக நிற்கும் இளம் பண்டாக்கள் அடுக்கு தீபங்களைச் சுழற்றத் தொடங்குகிறார்கள். அரை வினாடி திறந்தால் தீபம் ஒரு பொன் வில்லாக வளையும். 2 வினாடிக்கு முழு வட்டம். 20 வினாடி திறந்து வைத்தால் வட்டத்தின் மேல் வட்டம் விழுந்து மேடையே வெள்ளைப் பிழம்பாகி, பண்டா காணாமல் போவார். கங்கை கண்ணாடிபோல வழுவழுப்பாகிவிடும். ஆனால் படிகளில் இருக்கும் கிழவிகள், மடியில் குழந்தை, மொட்டையடித்த தலைகள், மூடிய கண்கள் எல்லாம் தெரியும். கைதட்டும் கைகள் மட்டும் புகைந்திருக்கும்.

நல்ல கோணம் வேண்டுமென்று படகில் ஏறுபவர்களுக்குக் காசி ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஒன்றையொன்று உரசி நிற்கும் படகுகளில் டிரைபாட் எதற்கும் உதவாது. படகு அசையும்போது காமிராவும் சேர்ந்து அசைகிறது. படித்துறை, தீபம், கோயில் எல்லாமே கலங்கிப்போகும். நிலையான காலில் நிற்பவருக்குத்தான் மற்றவரின் அசைவு அழகாகத் தெரியும். தானும் ஆடிக்கொண்டிருப்பவருக்கு எல்லாமே குழப்பம்தான்.

சற்று வடக்கே மணிகர்ணிகையில் சிதைகள் இரவும் பகலும் எரிகின்றன. அங்கே காமிராவை எடுத்தாலே உறவினர்களும் சுடலைத் தொழிலாளர்களும் அதட்டுவார்கள். அந்த அதட்டல் நியாயமானது. தூரத்துப் படகிலிருந்து நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தால் முகங்கள் தெரியாது, நெருப்பு மட்டும்தான் தெரியும், அதில் என்ன தவறு என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் மறந்துவிடுவது ஒன்று: அந்தக் காட்சியில் துளியும் அசையாதவர், யாருடைய துக்கத்துக்காக எல்லோரும் அங்கே வந்தார்களோ அவர்தான். வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது.

மங்கலாக்குவது எப்போதும் அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. மங்கிய முகத்தை யாரும் அடையாளம் காண முடியாது. வேலை முடிந்து களைத்துப்போய் வீடு திரும்பும் ஒருத்தியின் முகத்தை அவளறியாமல் துல்லியமாகப் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவதைவிட, அவளை ஒரு நிறத்தீற்றலாக விட்டுவைப்பது மரியாதை. சிக்கல் மங்கியவர்களிடம் இல்லை; தெளிந்தவர்களிடம். பாலிஷ்காரர், பிச்சைக்காரர், நடைமேடையில் தூங்குபவர், மூட்டையின் மேல் சாய்ந்திருக்கும் கூலி - நீண்ட எக்ஸ்போஷரில் முகத்தோடு அகப்படுபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். நகர்ந்துபோக முடிந்தவர்களுக்குக் கிடைத்த மறைவு இவர்களுக்குக் கிடைப்பதில்லை. டிரைபாடை விரித்தவர் 30 வினாடி காத்திருக்கத் தயாராக இருப்பவர், எழுந்து போய் "படத்தில் நீங்க வர்றீங்க, பரவாயில்லையா?" என்று கேட்க இன்னொரு 30 வினாடி செலவிடலாம். கேட்பவர்கள் குறைவு.

இந்த உத்தியை மனிதர்கள் பக்கம் திருப்பியவர்களில் ரகு ராயைச் சொல்லாமல் தீராது. 1995இல் மும்பை சர்ச்கேட் நிலையத்தில் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் பலமுறை அச்சேறியது. நடைமேடையில் நாளிதழ் விரித்துப் படித்துக்கொண்டிருப்பவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி, பாறையைச் சுற்றிய வெள்ளம்போல, கூட்டம் புகைந்து ஓடுகிறது. புகழ்பெற்ற கட்டடம் எதுவும் அதில் முக்கியமில்லை. ஓட்டத்துக்கு நடுவே ஒரு நாளிதழ் அளவுக்குத் தனக்கென்று இடம் பிடித்துக்கொண்ட மனிதர்தான் அதில் சின்னம். திறந்த நேரம் அரை நிமிடமாக இருந்திருந்தால் ஓடியவர்கள் சுவடில்லாமல் போயிருப்பார்கள்; ஆயிரத்தில் ஒரு வினாடியாக இருந்திருந்தால் எல்லோரும் உறைந்து, அது இன்னொரு ரயில் நிலையப் படமாகியிருக்கும். ஓடியவர்களும் இருக்க வேண்டும், ஓடுகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். அதற்கான நேரம் அரை வினாடியிலிருந்து ஓரிரண்டு வினாடிக்குள் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஃபிலிம் காலத்தில் அந்த வேலை சூதாட்டம்போல. சுருளுக்கு 36 படம். ஒரு வினாடிக்கு மேல் போனால் ஃபிலிம் சோர்ந்துவிடும்; கணக்கிட்டதைவிடக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பது அனுபவம். வந்ததா, வரவில்லையா என்பது ஊர் திரும்பிக் கழுவிப் பார்க்கும்போதுதான் தெரியும். இப்போது மறு வினாடியே திரையில் தெரிந்துவிடுகிறது. பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடியும் எடுக்கலாம். வசதி கூடியிருக்கிறது, எத்தனை வினாடி என்று முடிவுசெய்யும் பொறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

மும்பைக் கூட்டத்தை ஆறு என்றும் வெள்ளம் என்றும் வர்ணிப்பது எழுதுபவர்களுக்கும் எடுப்பவர்களுக்கும் பழகிவிட்டது. அதில் ஓர் ஆபத்து உண்டு. ஆற்றுக்கு மூச்சு முட்டாது. 2017 செப்டம்பர் 29 காலை எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும் அடுத்தடுத்த ரயில்களில் வந்திறங்கியவர்களும் படிக்கட்டில் நெருக்கியடித்துக்கொண்டதில் 23 பேர் இறந்தார்கள். அந்த நிலையத்துக்கு மறு ஆண்டு பிரபாதேவி என்று பெயர் மாறியது. மேம்பாலத்தில் ஏறும் கூட்டத்தை எந்த மாலையிலும் 2 வினாடி எக்ஸ்போஷரில் எடுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நகர்ந்துகொண்டிருக்கும் வரை கூட்டம் மங்கலாக இருக்கும். எங்கே முகங்கள் தெளியத் தொடங்குகின்றனவோ அங்கே கூட்டம் நின்றுவிட்டது என்று பொருள். தாஜில் நிற்பது ஓய்வு, காசியில் நிற்பது பக்தி. குறுகலான படிக்கட்டில் உச்சி நேரத்தில் கூட்டம் நின்றால் அது எச்சரிக்கை.

இரவு ஒரு மணிக்கு மேல் வி.டி.க்குத் திரும்பி வந்தால் வேறொரு நிலையம் கண்ணில் படும். கடைசி லோக்கல் போய்விட்டது. முதல் லோக்கலுக்கு இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. வெளியே வண்ண விளக்கில் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான கட்டடம் ஜொலிக்கிறது. படமெடுத்த பயணிகள் ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். உள்ளே, வெளியூர் ரயில்களின் பக்கமுள்ள கூடத்தில், அதிகாலை வண்டிக்குக் காத்திருப்பவர்கள் தரையில் படுத்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்துக்கும் பிகாருக்கும் தெற்கே தொலைதூர ஊர்களுக்கும் போக வேண்டியவர்கள். லுங்கியை விரித்து, பையைத் தலைக்கு வைத்து, செருப்பைப் பையின் அடியில் பத்திரப்படுத்தி, குழந்தையை நடுவில் கிடத்தியிருக்கிறார்கள்.

2008 நவம்பர் 26 இரவு துப்பாக்கிகள் சீறியது இந்தக் கூடத்தில்தான். 50க்கும் மேற்பட்டோர் இந்த நிலையத்தில் கொல்லப்பட்டார்கள். அந்த இரவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தாஜ் ஹோட்டலின் எரியும் கோபுரப் படம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. வண்டிக்குக் காத்துத் தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் அவ்வளவாக நினைவில் இல்லை. அப்போதும் சின்னம் மிஞ்சியது.

ரயில்வேயின் அனுமதியும் கூடத்தில் இருப்பவர்களின் சம்மதமும் வாங்கிய ஒருவர், இந்த நேரத்தில் இந்தக் கூடத்தில் காமிராவை வைத்து அதே 30 வினாடி திறந்தால் என்ன பதியும்? மாலையில் மூட்டமாகிப் போனது போல இப்போது யாரும் கரையமாட்டார்கள். தூக்கத்தில் இருப்பவர்களுக்கு மூச்சைத் தவிர அசைவில்லை. ஒவ்வொரு முகமும், மடக்கிய ஒவ்வொரு முழங்கையும், தாயின் முந்தானையைப் பிடித்த கைகூடத் தெளிவாக விழும். மாலைப் படத்தில் ஸ்டீவன்ஸின் வளைவுகள் எவ்வளவு துல்லியமோ, இந்தப் படத்தில் இவர்களும் அவ்வளவு துல்லியம். கூடத்தைத் துடைக்கும் துடைப்பத்துடன் ஒருவர் மட்டும் இடமும் வலமுமாக நடந்துகொண்டிருக்கிறார். படத்தில் அவர் இருக்கமாட்டார். அவர் துடைத்துச் சென்ற ஈரத்தின் பளபளப்பு மட்டும், ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, நீளமாகத் தெரியும்.